ஸ்காட்லாந்து 10 நாள், கூட அம்மாவும் பொண்ணும்: இந்த பிளான் ஓடுமா பாத்து சொல்லுங்க

சிறுவாணித்தண்ணி

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா ஓரமா உக்காந்து படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இப்ப எனக்கே உதவி வேணும். கோயம்புத்தூர்ல இருந்து அடுத்த வருஷம் ஸ்காட்லாந்து போறதா வீட்ல முடிவாயிருச்சு. நான், மனைவி, பத்து வயசுப் பொண்ணு, அப்புறம் எங்கம்மா. அம்மாவுக்கு 67 வயசு, முழங்கால் வலி இருக்கு, மருதமலைப் படி ஏறுவாங்க, ஆனா நின்னு நின்னுதான்.

மச்சான் பர்மிங்காம்ல இருக்கான், ஆகஸ்ட்ல வாங்க மாமா அப்பத்தான் வெயில் இருக்கும்ங்கறான். பொண்ணுக்கு லீவு ஏப்ரல், மே தான். ஆகஸ்ட்னா ஸ்கூலுக்கு லெட்டர் குடுக்கணும்.

பிளான் இதான்: முதல் ரெண்டு நாள் எடின்பரோ, மூணாவது நாள் க்ளென்கோ பாத்துட்டு அப்படியே ஸ்கை தீவு, நாலாவது நாள் ஸ்கை முழுக்க, அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் அந்த என்சி 500 ரோட்டை முழுசா ஒரு சுத்து, ஒன்பதாவது நாள் லாக் நெஸ் பாத்துட்டு எடின்பரோ, பத்தாவது நாள் ஃபிளைட். சுத்து மொத்தமே 830 கிலோமீட்டர் தான், நாலு நாளைக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு கோயம்புத்தூர் டு திருச்சி தூரம், பிரச்சனை இருக்காதுன்னு நினைக்கிறேன். வால்பாறை 40 கொண்டை ஊசி எல்லாம் கண்ண மூடிட்டு ஓட்டுவேன், அதனால மலை ரோடு பயம் இல்ல. கருத்து சொல்லுங்க.

அபெர்தீன்_ஆயில்காரன்

ப்ரோ முதல்ல அந்தக் கண்ண மூடிட்டு ஓட்டறதை இங்க வந்து பண்ணாதீங்க 😄

சீரியஸா சொல்றேன், உங்க பிளான்ல எடின்பரோ தவிர மத்த எல்லாமே கார் சீட்லதான். என்சி 500ங்கறது 2015ல டூரிசத்துக்காக பேர் வெச்சு விட்ட ரூட், இன்வர்னஸ் கோட்டைல ஆரம்பிச்சு வடக்கு முனை வரைக்கும் போய் அங்கயே வந்து முடியும். ரோடு எல்லாம் ஏற்கனவே இருந்த ரோடுதான், பல இடத்துல ஒரே ஒரு வண்டி போற அகலம். எதிர்ல வண்டி வந்தா நடுநடுவுல ரோட்டை கொஞ்சம் அகலப்படுத்தி வெச்சிருப்பாங்க, பாசிங் பிளேஸ்னு வெள்ளை போர்டு இருக்கும், அது உங்க இடது பக்கம் இருந்தா ஒதுங்கி நிக்கணும், வலது பக்கம் இருந்தா அதுக்கு நேரா உங்க பக்கமே நின்னு எதிர்ல வர்றவனை அதுக்குள்ள போக விடணும். பின்னாடி லோக்கல் ஆள் அவசரமா வந்தா அவனையும் விட்டுடணும், டாக்டரா இருக்கலாம், ஆட்டுக்கார விவசாயியா இருக்கலாம், அவனுக்கு நீங்க வேடிக்கை பாக்கறது எல்லாம் கணக்கு இல்ல. முக்கியமா அங்க வண்டிய நிறுத்திட்டு போட்டோ எடுக்கக் கூடாது, ஊர்க்காரங்களுக்கு டூரிஸ்ட் மேல இருக்கற கோவத்துல பாதி இதனாலதான்.

இப்படி நின்னு நின்னு போனா மணிக்கு 50 கிலோமீட்டர் சராசரி வந்தாலே பெருசு. போர்டு எல்லாம் மைல் கணக்கு வேற, 40ன்னு பாத்துட்டு பக்கம்தான்னு நினைச்சிடாதீங்க. நாலு நாள்ல சுத்தணும்னா காலைல கிளம்பி சாயங்காலம் வரைக்கும் ஸ்டியரிங்தான், அம்மா பின் சீட்ல உக்காந்து முழங்கால் மடக்கியே வச்சிருக்கணும்.

என் ஓட்டு: சுத்தை விட்டுடுங்க. மேற்குக் கரைல ஒரு பகுதிய மட்டும் எடுத்துக்குங்க.

கேமராகிறுக்கன்

ஆயில்காரர் சொல்றது ஓகே ஆனா ஸ்கைய மட்டும் விட்றாதீங்க பாஸ். ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் விடியக்காலைல, அந்தப் பாறை ஊசி பின்னாடி கடல்ல இருந்து வெளிச்சம் வர்றப்ப நிக்கணும் அங்க. மே மாசம்னா சூரியன் அஞ்சு மணி வாக்குலயே வந்துடும், மூணு மணிக்கு எந்திரிச்சு ஏற ஆரம்பிச்சா சரியா இருக்கும். குயிராங், நெய்ஸ்ட் பாயின்ட், ஃபேரி பூல்ஸ், டாலிஸ்கர் பீச். ஒரு நாள் பத்தவே பத்தாது, மினிமம் மூணு.

சிறுவாணித்தண்ணி

மூணு மணிக்கா 😳 எங்கம்மாவையும் பொண்ணையும் கூட்டிட்டு?

பருத்தித்துறை_வடை

தம்பி, நான் லண்டனிலை இருக்கிறன். பிள்ளையள் சின்னனா இருக்கேக்கை தொடங்கி அந்தப் பக்கம் கன தரம் போய் வந்தனாங்கள், மாமியையும் கூட்டிக்கொண்டு போனனாங்கள், அதாலை உங்கட நிலைமை எனக்கு விளங்குது.

உங்கட திட்டத்தை வாசிக்கவே எனக்குக் களைக்குது. ஒவ்வொரு நாளும் புது இடத்திலை படுக்கை எண்டால் பெட்டியைக் கட்டி அவிழ்க்கிறதிலையே அரைவாசி விடுமுறை போயிடும். வயசு போன ஆக்களோடை போறதெண்டால் ஒரே வீடு, ஒரே குசினி, ஒரே கட்டில். அங்கை செல்ஃப் கேட்டரிங் எண்டு முழு வீடா வாடகைக்குக் குடுப்பினம். டோர்னி, ப்ளாக்டன், லாக்கரன் அந்தப் பக்கம் ஒண்டைப் பிடியுங்கோ. ஸ்கைக்குப் போற பாலம் கிட்ட, ஐலீன் டொனன் கோட்டை டோர்னியிலையே இருக்கு, மற்றப் பக்கம் திரும்பினால் ஆப்பிள்கிராஸ், டொரிடன். காலமை வானத்தைப் பாத்துப்போட்டு இண்டைக்கு எந்தப் பக்கம் எண்டு முடிவெடுக்கலாம். மழை ஊத்தினால் வீட்டிலை இருந்து சோறு சமைச்சுச் சாப்பிட்டுப்போட்டு யன்னலாலை பாத்துக்கொண்டிருக்கலாம். அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும், எழுதி வையுங்கோ.

சாப்பாட்டு விசயம் முக்கியம். சின்ன ஊருகளிலை ஹொட்டேல் குசினி எட்டு, எட்டரையோடை பூட்டிடுவினம். வெளிச்சம் பத்து மணி மட்டும் இருக்கும், நீங்கள் பின்னேரம் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சுபோட்டுப் போனால் சிப்ஸ் பைக்கற்றுத்தான். அரிசி, பருப்பு, தூள் எல்லாம் எடின்பரோவிலை வாங்கி ஏத்துங்கோ.

ஆகஸ்ட் பற்றி ஒண்டு சொல்லவேணும். உங்கட மச்சான் பர்மிங்காமிலை இருந்து கதைக்கிறார், அதுதான். ஜூன் தொடங்கி செப்டம்பர் மட்டும் மேற்குப் பக்கத்திலை மிட்ஜ் எண்டு ஒண்டு வரும். நுளம்பு, உங்கட கொசு, இல்லை, நுளம்பிலும் பாக்கச் சின்னன், கண்ணுக்கே சரியாத் தெரியாது, ஆனால் ஆயிரக்கணக்கிலை வரும். காத்து இல்லாத, மூடமான பின்னேரத்திலை வெளியிலை நிண்டால் முகம், தலைமயிர், காது எல்லாம் போயிடும். பிள்ளையள் அழுதுகொண்டு காருக்குள்ளை ஓடுங்கள். காத்து அடிச்சால் அதுகளாலை பறக்க ஏலாது, அது ஒண்டுதான் ஆறுதல்.

எடின்பரோ_எலி

அங்கிள் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். ஆகஸ்ட்ல எடின்பரோல ஃப்ரிஞ்ச் ஃபெஸ்டிவல், 1947ல இருந்து நடக்குது, ஊர் முழுக்க நாடகம், காமெடி, தெருவுல நடக்க இடம் இருக்காது. பாக்க செம ஜாலி, ஆனா ரூம் வாடகை தலை சுத்தும், எங்க ஃபிளாட்ல இருக்கறவங்களே ரூமை உள்வாடகைக்கு விட்டுட்டு ஊருக்குப் போயிடுவாங்க. அண்ணா மே மாசமே வாங்க. மேற்குப் பக்கம் வருஷத்துல மழை கம்மியா இருக்கற டைம் ஏப்ரல், மே, ஜூன் தான், எல்லாரும் ஜூலை ஆகஸ்ட்னு தப்பா நினைக்கறாங்க. மே கடைசி வாரம் மட்டும் வேண்டாம், இங்கிலாந்துல அப்ப ஸ்கூல் லீவு, எல்லாரும் காரை எடுத்துட்டு வடக்க வருவாங்க.

குளிர் பத்தி கேப்பீங்க. மே மாசம் பகல்ல 10ல இருந்து 15 டிகிரி சுமாரா இருக்கும், ஊட்டி டிசம்பர் மாதிரி வெச்சுக்குங்க, கூட காத்து. குடை கொண்டு வராதீங்க, ஒரே நாள்ல கம்பி உடையும். ஒரு நல்ல மழைக்கோட்டு, உள்ள ரெண்டு மெல்லிசு ஸ்வெட்டர், தண்ணி ஏறாத ஷூ. அம்மா புடவைதான் கட்டுவாங்கன்னா உள்ள தெர்மல் போட்டுக்கலாம், எங்க பாட்டி வந்தப்ப அப்படித்தான் பண்ணாங்க, மேல என் ஜாக்கெட் கீழ சுங்குடிச் சேலை, ராயல் மைல் தெருவுல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, பாட்டி கண்டுக்கவே இல்ல.

மொட்டைமாடி

எதுக்கு இவ்ளோ செலவு பண்ணி மழையும் ஆட்டையும் பாக்க போறீங்கன்னு தான் புரில. ஸ்காட்லாந்துல இருக்கறதுலயே பெரிய மலை பென் நெவிஸ், 1345 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2637. மணாலி போனா இதுக்கு பத்துல ஒரு பங்கு காசு. சும்மா பாரின் மோகம்.

கல்லுக்கார_அக்கா

மொட்டைமாடி தம்பி, உயரத்தை வெச்சு மலைய அளந்தா மொட்டைமாடி கணக்குதான் வரும் 🙂

அந்த மலை எல்லாம் கடல் மட்டத்துல இருந்து நேரா எந்திரிக்குது, மரம் கிடையாது, அதனால அடில இருந்து உச்சி வரைக்கும் கல்லோட முகம் அப்படியே தெரியும். நான் படிச்சது ஜியாலஜி, அதனால கொஞ்சம் ஓவரா பேசுவேன், பொறுத்துக்குங்க. வடமேற்குக் கரைல அடில கிடக்கற சாம்பல் கல்லு லூயிஸியன் நைஸ், அதுல பழசு 300 கோடி வருஷம். நம்ம பல்லாவரம் சார்னோகைட் கல்லு 250 கோடி வருஷம் சுமார், ரெண்டும் பூமி சின்னப் புள்ளையா இருந்த காலத்து ஆளுங்க. அந்த நைஸ் மேல சிவப்பா மணற்கல், அது கிட்டத்தட்ட 100 கோடி வருஷம். நடுவுல இருந்த காலம் பூரா அரிச்சுப் போயிருச்சு, கைய ஒரு பக்கம் நைஸ்லயும் இன்னொரு பக்கம் மணற்கல்லுலயும் வெச்சு நிக்கலாம். அதுக்கும் மேல சில மலைல வெள்ளையா குவார்ட்ஸைட் தொப்பி. தூரத்துல இருந்து பாத்தா பனி மாதிரியே தெரியும், முதல் தடவை பாக்கறவங்க எல்லாரும் ஏமாறுவாங்க.

சிறுவாணி, இதைப் பாக்க சுத்து முழுக்க ஓட்ட வேண்டாம். அந்த யாழ்ப்பாணத்து அண்ணா சொன்ன வீட்டுல இருந்து டொரிடன் ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. பெய்ன் எய் அங்கதான், பிரிட்டன்ல முதல் முதல்ல தேசிய இயற்கைக் காப்பகம்னு அறிவிச்ச இடம், 1951. ரோட்டுல இருந்தே சிவப்பு மணற்கல்லும் வெள்ளைத் தொப்பியும் அடுக்கடுக்கா தெரியும், அம்மா கார்ல இருந்து இறங்கவே வேண்டாம். டைம் இருந்தா உல்லாபூலுக்கு வடக்க நாக்கன் கிராக்னு ஒரு பாறை, பழைய கல்லு புதுக் கல்லு மேல ஏறி உக்காந்திருக்கும், அது எப்படிடா நடந்துச்சுன்னு 19ஆம் நூற்றாண்டுல பெரிய சண்டையே போட்டாங்க. ஆனா உங்க ரூட்டுக்கு அது தூரம், விட்டுடுங்க. நான் மனசைக் கல்லாக்கிட்டு சொல்றேன்.

சிறுவாணித்தண்ணி

அடேங்கப்பா, ராத்திரி தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள இவ்ளோ பதில். எல்லாருக்கும் நன்றி.

மே மாசம்னு முடிவு. மச்சானுக்கு போன் போட்டு மிட்ஜ் பத்தி கேட்டேன், "ஆமா மாமா அது இருக்கும், சொல்ல மறந்துட்டேன்"ங்கறான். சுத்தை விடறதுக்குத்தான் மனசு வரல, யூட்யூப்ல பாத்துப் பாத்து ஏத்தி வெச்சிருக்கேன். ஆனா மனைவி வடை சார் பதிவை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டிருச்சு, "யார் பெத்த புள்ளையோ, விவரமா சொல்றாரு"ன்னு அம்மா அங்கயே முடிச்சுட்டாங்க. சரி டோர்னி பக்கம் வீடு.

இப்ப கேள்வி: ட்ரெயின் போகணும்னு பொண்ணு பிடிவாதம். அந்த வளைவுப் பாலத்துல புகை விட்டுட்டு போற ட்ரெயின். டிக்கெட் பாத்தேன், நாலு பேருக்கு போட்டா ரொம்ப ஆகுது.

அபெர்தீன்_ஆயில்காரன்

க்ளென்ஃபின்னன் பாலம். 21 வளைவு, 1897ல கட்ட ஆரம்பிச்சாங்க, 1901ல லைன் திறந்தாங்க, கம்பியே இல்லாத வெறும் கான்கிரீட். புகை ட்ரெயின் பேரு ஜாக்கோபைட், ஃபோர்ட் வில்லியம் டு மாலேக், ரொம்ப முன்னாடியே புக் ஆயிடும். ஆனா யாரும் யோசிக்காத ஒண்ணு இருக்கு. அதே தண்டவாளம், அதே பாலம், அதே மாலேக், ஸ்காட்ரெயில் சாதா வண்டியும் தினமும் போகுது. டிக்கெட் அதுல ஒரு பங்குதான். புகை வராது, அவ்ளோதான். அதுவும் புகை விடறது வெளில இருந்து பாக்கறவனுக்குத்தான் தெரியும், உள்ள உக்காந்திருக்கறவனுக்கு எங்க தெரியப் போகுது?

ஒரு ஐடியா குடுக்கறேன். எடின்பரோல இருந்து கார்ல வந்து க்ளென்கோ பக்கம் ரெண்டு ராத்திரி தங்குங்க. கிளம்பற அன்னைக்கு ஃபோர்ட் வில்லியம்ல அம்மா, மனைவி, பொண்ணு மூணு பேரையும் ட்ரெயின் ஏத்தி விட்டுட்டு நீங்க காரை எடுத்துட்டு மாலேக் போங்க, ரோடும் பக்கத்துலயே போகுது, ஒரு மணி நேர ஓட்டம், அவங்களுக்கு முன்னாடியே போய் காபி குடிக்கலாம். மாலேக்ல இருந்து ஆர்மடேலுக்கு கார் ஏத்தற ஃபெர்ரி, இறங்குனா ஸ்கை. அப்படியே பாலம் வழியா டோர்னி. இடது பக்க சீட் பிடிக்கச் சொல்லுங்க, பாலம் வளையறது அந்தப் பக்கம்தான் தெரியும். ஃபெர்ரிய முன்னாடியே புக் பண்ணிடுங்க, கடல் மோசமா இருந்தா ரத்தாகும், அப்ப கவலப்படாம திரும்பி ரோடு வழியா டோர்னிக்கே போயிடலாம்.

சிறுவாணித்தண்ணி

யோவ் இது சூப்பர். ஆனா நான் மட்டும் தனியா கார் ஓட்டணுமா 🥲

அபெர்தீன்_ஆயில்காரன்

அப்பாவா இருந்தா அப்படித்தான்.

கேமராகிறுக்கன்

டோர்னில தங்கிட்டு ஸ்கைய "ஒரு நாள் போய்ட்டு வர" இடம் ஆக்கிட்டீங்களே, வயிறு எரியுது. சரி அம்மாவ வெச்சு சொல்றேன். ஸ்டோர் வேண்டாம், ஏத்தம், கீழ ரோட்டுல இருந்து பாருங்க. குயிராங்குக்கு மட்டும் கட்டாயம் போங்க, அங்க ரோடே மேல வரைக்கும் ஏறுது, பார்க்கிங்ல இறங்கி கொஞ்ச தூரம் நடந்தாலே முழு மலைச்சரிவும் கீழ விரிஞ்சு கிடக்கும், அவ்ளோ பெரிய நிலச்சரிவு அது, இன்னும் கொஞ்சம் கொஞ்சமா நகந்துட்டே இருக்கு, ரோட்டை அப்பப்ப சரி பண்ணுவாங்க. ஃபேரி பூல்ஸ் கல்லுப் பாதை, அம்மாவுக்கு ஆகாது. காலைல ஏழரைக்கு முன்னாடி பாலம் தாண்டிருங்க, பத்து மணிக்கு மேல பார்க்கிங்குக்கு அடிதடி.

கல்லுக்கார_அக்கா

நடக்கும்போது பொண்ணுக்கு முழு பேன்ட் போட்டு சாக்ஸ்க்குள்ள சொருகி விடுங்க. புல்லுல உண்ணி இருக்கும், லைம் நோய் பரப்பும். ராத்திரி குளிக்கும்போது முட்டிக்குப் பின்னாடி, தலைமுடி ஓரம் எல்லாம் பாத்துடுங்க. ஒட்டியிருந்தா கையால நசுக்கி இழுக்காதீங்க, அதுக்குன்னே சின்னக் கொக்கி ஒண்ணு மருந்துக் கடைல கிடைக்கும்.

அபெர்தீன்_ஆயில்காரன்

கடைசி ராத்திரி இன்வர்னஸ் பக்கம் தங்கறதா இருந்தா ஒண்ணு சொல்றேன், டூரிஸ்ட் புக்ல பாதி பேர் போடறதில்ல. இன்வர்னஸ்க்கு வடக்க ஏ9 ரோட்டுல அரை மணி நேரம் போனா ஆல்னஸ்னு ஊர். அதுக்கு மேல ஃபைரிஷ்னு ஒரு குன்று, 453 மீட்டர். உச்சில மூணு வளைவு வாசலும் பக்கத்துல தூணுமா கல்லுல ஒரு கட்டடம் நிக்கும். அது என்ன தெரியுமா? நாகப்பட்டினம் கோட்டை வாசல்!

விளையாட்டு இல்ல. ஹெக்டர் மன்றோன்னு அந்த ஊர் ஜமீன், ஈஸ்ட் இந்தியா கம்பெனிப் படைல ஜெனரல். 1781ல டச்சுக்காரன்கிட்ட இருந்து நாகப்பட்டினத்தைப் பிடிச்சான். அடுத்த வருஷம் அந்த வாசல் மாதிரியே தன் ஊர் மலை மேல கட்ட வெச்சான். நிலத்தை விட்டு விரட்டப்பட்டு வேலையில்லாம கிடந்த ஊர் ஜனங்களுக்குக் கூலி குடுக்கத்தான் கட்டினான்னு சொல்லுவாங்க. கூலி நாள் கூட வரணும்னு மேல ஏத்தின கல்லை அவனே கீழ உருட்டி விட்டு மறுபடியும் ஏத்தச் சொன்னான்னு ஒரு கதையும் இருக்கு, அது கதைதான், யாரும் பாத்ததில்ல.

நாகை_நண்டு

இருங்க இருங்க. எங்க ஊரு வாசலா?? ஸ்காட்லாந்துலயா?? நான் நாகப்பட்டினத்துல பொறந்து வளந்தவன், இது வரைக்கும் ஒரு வாத்தியாரும் சொன்னதில்லைங்க. அந்த டச்சுக் கோட்டைன்னு காட்டறதுக்கு இப்ப எங்க ஊர்ல ஒண்ணும் மிச்சம் இல்ல. ஒரிஜினல் போயிடுச்சு, காப்பி மட்டும் குளிர்ல நிக்குது. என்ன கொடுமை சார் இது.

கல்லுக்கார_அக்கா

அதே மன்றோதான் அதுக்கு முந்தின வருஷம், 1780ல, காஞ்சிபுரத்துல நின்னுட்டு இருந்தான். பக்கத்துல பொள்ளிலூர்ல ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனிக்காரன் பெய்லியோட படையச் சுத்தி வளைச்சு அழிச்சப்ப இவன் உதவிக்குப் போய்ச் சேரல. அப்புறம் பெரிய பீரங்கி எல்லாத்தையும் கோயில் குளத்துல தள்ளிட்டு மெட்ராஸுக்கு ஓடி வந்தான். அந்தத் தோல்விக்கு அவன் ஊர்ல வாசல் கட்டல பாருங்க.

பருத்தித்துறை_வடை

நல்ல கதை. நான் அந்த ரோட்டாலை எத்தினை தரம் போயிருப்பன், மேலை ஏதோ நிக்குது எண்டு பாத்ததோடை சரி. அடுத்த முறை ஏறத்தான் வேணும்.

உதோடை இன்னொண்டு. உல்லாபூலிலை இருந்து கப்பல் எடுத்தால் லூயிஸ் தீவிலை ஸ்டோர்னோவே. கொலின் மக்கென்சி எண்டவர் பிறந்த ஊர், இந்தியாவின்ரை முதலாவது சர்வேயர் ஜெனரல், தென்னிந்தியா முழுக்க அலைஞ்சு ஓலைச்சுவடியள் சேர்த்தவர். அதிலை ஒரு பங்கு சென்னையிலைதான் இருக்கு, கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலை. ஆனால் உங்களுக்கு இந்த முறை நேரம் காணாது, கப்பலே போக மட்டும் இரண்டரை, இரண்டே முக்கால் மணித்தியாலம்.

மொட்டைமாடி

சரி நாகப்பட்டினம் மேட்டர் கெத்துதான். ஒத்துக்கறேன். ஆனா மணாலி சீப்.

சிறுவாணித்தண்ணி

திருத்தின பிளான் போடறேன். எடின்பரோ ரெண்டு ராத்திரி, க்ளென்கோ பக்கம் ரெண்டு, ட்ரெயினும் ஃபெர்ரியும் பிடிச்சு டோர்னி வீட்டுல நாலு, அப்புறம் லாக் நெஸ் ஓரமா இன்வர்னஸ் ஒரு ராத்திரி, அங்க இருந்து ஒரு எட்டு ஃபைரிஷ். அங்க இருந்து காலைலயே எடின்பரோ ஏர்போர்ட். டோர்னில இருக்கறப்ப ஒரு நாள் ஸ்கை, ஒரு நாள் டொரிடன், ஒரு நாள் ஆப்பிள்கிராஸ், மழை வந்தா அதுல ஒண்ணை விட்டுடறது.

மனைவியோட கேள்விகள்: விசா எப்ப அப்ளை பண்ணணும்? நம்ம லைசென்ஸ் செல்லுமா? கார் ஆட்டோமேட்டிக் எடுக்கணுமா?

எடின்பரோ_எலி

விசா பயணத்துக்கு மூணு மாசம் முன்னாடிதான் அப்ளை பண்ண விடுவாங்க, அந்த நாள் வந்ததும் போட்டுடுங்க. சாதாரணமா மூணு வாரம் சொல்லுவாங்க, ஆனா சீசன்ல இழுக்கும். நாலு பேருக்கும் தனித்தனி விண்ணப்பம், பொண்ணுக்கும் சேர்த்து. மச்சான் வீட்டுல தங்கலன்னா அவர் லெட்டர் தேவையில்ல, உங்க சம்பளம், பேங்க், திரும்பி வர்றதுக்கான காரணம் தெளிவா இருந்தா போதும். வீடு புக் பண்றப்ப கேன்சல் பண்ணா காசு திரும்பக் குடுக்கற மாதிரி பாத்துப் பண்ணுங்க.

இந்தியன் லைசென்ஸ்ல 12 மாசம் ஓட்டலாம். இடது பக்கம்தான், ஸ்டியரிங் வலது, நமக்கு எதுவும் மாறாது. ஆட்டோமேட்டிக் வேணும்னா புக் பண்ணும்போதே கேக்கணும், கொஞ்சம் காஸ்ட்லி. பொண்ணு 12 வயசுக்குக் கீழ, உயரம் 135 சென்டிமீட்டருக்குக் கம்மின்னா பூஸ்டர் சீட் சட்டப்படி வேணும், அதையும் சொல்லி வெச்சிடுங்க.

எடின்பரோ தங்கறதுக்கு 2026 ஜூலை 24ல இருந்து ரூம் வாடகைல 5 சதவீதம் டூரிஸ்ட் வரி, அதையும் கணக்குல வெச்சுக்குங்க.

அபெர்தீன்_ஆயில்காரன்

டோர்னி தாண்டி போறப்ப பெட்ரோல் பாதி இருக்கும்போதே போட்டுடுங்க. மேப்பை போன்ல டவுன்லோட் பண்ணிக்குங்க, சிக்னல் அடிக்கடி போயிடும். சாயங்காலம் ஒரு பியர் அடிச்சிட்டு ஓட்டலாம்னு நினைக்காதீங்க, 2014ல இருந்து ஸ்காட்லாந்துல அளவு இங்கிலாந்தை விடக் கம்மி, 100 மில்லி ரத்தத்துல ஆல்கஹால் இங்கிலாந்துல 80 மில்லிகிராம்னா இங்க 50. டிஸ்டில்லரி போனா ஓட்டறவருக்கு சின்ன பாட்டில்ல ஊத்திக் குடுத்துடுவாங்க, வீட்டுக்குப் போய் குடிங்க.

சிறுவாணித்தண்ணி

வீடு புக் பண்ணியாச்சு! ஜன்னலைத் திறந்தா தண்ணி. ஆனா ஒரு புது சிக்கல், மச்சானும் அவன் மனைவியும் "நாங்களும் வர்றோம்"ங்கறாங்க. மொத்தம் ஆறு பேர், ஏழு சீட் வண்டி எடுக்கலாமா? அந்த ஆப்பிள்கிராஸ் மலை ரோடு போகுமா?

அபெர்தீன்_ஆயில்காரன்

பயலாக் நா பா. 626 மீட்டர் வரைக்கும் ஏறுது, ஒத்தை ரோடு, மேல கொண்டை ஊசி. அடில போர்டே வெச்சிருப்பாங்க, புதுசா கத்துக்கறவங்க, பெரிய வண்டி, கேரவன் வேண்டாம்னு. ஏழு சீட் கார் போகும்தான், வால்பாறைக்காரருக்கு வளைவு பிரச்சனை இல்ல, எதிர்ல வர்ற கேம்பர்வேன்காரன் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம முழிப்பான் பாருங்க, அதான் பிரச்சனை. மேகம் இறங்கியிருந்தா ஏறாதீங்க, ஷீல்டெய்க் வழியா கடலோரமா சுத்தி ஒரு ரோடு இருக்கு, கொஞ்சம் நேரம் ஆகும், அழகுக்குக் குறைவே இல்ல. ரெண்டு சின்னக் காரா எடுத்தா இன்னும் நல்லது, மச்சான் ஒண்ணு ஓட்டட்டும், அப்ப மாலேக்குக்கு நீங்களும் ட்ரெயின்ல போகலாம்.

சிறுவாணித்தண்ணி

அவன் ஒரு காரை மாலேக்குக்குக் கொண்டு வருவான், இன்னொரு காரை யார் கொண்டு வர்றது?

பருத்தித்துறை_வடை

மச்சான்ரை மனுசி கார் ஓடமாட்டாவோ?

சிறுவாணித்தண்ணி

ஓட்டும் சார். ஆனா அதுவும் ட்ரெயின்ல தான் போவேன்னு இப்பவே சொல்லிருச்சு.